ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்

காலை ஏழு மணிக்கு, அவசரப் பிரிவின் மேசையில் உட்கார்ந்து தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டியபோது கணினி அவரை உள்ளே விடவில்லை. திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு கட்டம் வந்து நின்றது. ‘நீங்கள் ஏற்கெனவே வேறொரு கணினியில் உள்ளே இருக்கிறீர்கள். அங்கே வெளியேற்றிவிட்டு இங்கே தொடரலாமா?’

பிரிவின் துணைத் தலைவரான அவர் அதை இரண்டு தடவை படித்தார். மழைக்கோட்டை இன்னும் கழற்றவில்லை. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டி நாற்காலிக்கடியில் சின்னக் குட்டை கட்டிக்கொண்டிருந்தது. கட்டடத்துக்குள் நுழைந்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. இளம் டாக்டர்களில் யாரோ அவர் கடவுச்சொல்லை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். ‘ஆம்’ என்பதை அழுத்தினார். கட்டம் உடனே போகவில்லை. எங்கேயோ யாரோ யோசிப்பதுபோல ஒரு நொடி, இரண்டு நொடி நின்றுவிட்டு, மனமில்லாமல் விலகியது.

எதிர்ச் சுவரில் பெரிய பலகை ஒளிர்ந்துகொண்டிருந்தது. முப்பத்திரண்டு படுக்கைகளும் அதில் முப்பத்திரண்டு கோடுகள்: யார், என்ன தொந்தரவு, எத்தனை நிமிடமாகக் காத்திருக்கிறார், ரத்தப் பரிசோதனை வந்ததா, சிவப்பா, மஞ்சளா, பச்சையா. அந்தப் பலகையை உண்டாக்கியவள் பிரிவின் தலைவி, எல்லோருக்கும் சீஃப். ஒவ்வொரு காலையும் அதைப் பார்க்கும்போது அவருக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு புளிப்பு ஏறும். மாத்திரை போட்டுப் பார்த்தாயிற்று. வயிற்றுக்குள் குழாய் விட்டும் பார்த்தாயிற்று. புண் எதுவும் இல்லை என்றார்கள்.

கல்லூரியில் அவர் முதல், அவள் இரண்டாவது. ஐந்து வருடமும் அப்படித்தான். அந்த வரிசை எந்த நாளில் மாறியது என்பதை அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். இருவரும் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவசரப் பிரிவு என்பது ஆறு கட்டில், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், ஆணியில் குத்தி வைத்த காகிதச் சீட்டுகள். ஒரு நாள் ஒரு சீட்டு காற்றில் பறந்து, ஒருவருக்குப் போகவேண்டிய ரத்தம் இன்னொருவருக்குப் போக இருந்தது. மற்றவர்கள் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவள் மட்டும் ஒரு பழைய கணினியை வாங்கிப் போட்டு, வேலை முடிந்த பிறகு ஓய்வறையில் காலை மடக்கி உட்கார்ந்து நிரல் எழுதப் படித்தாள். இரண்டு வருடம். “டாக்டருக்கு எதுக்கு டைப்பிஸ்ட் வேலை?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவர் அவர்தான்.

இன்று அந்தப் பலகை நாற்பது மருத்துவமனைகளில் ஓடுகிறது. அவள் அவசரப் பிரிவுக்குத் தலைவி. மொத்த நிறுவனத்தின் மருத்துவத் தகவல் துறைக்கும் தலைவி. அடுத்த வாரம் விருது வேறு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் கொடுக்கலாமே என்று ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது சொன்னது மட்டும் அவர். அந்த ஒரு வாக்கியத்தை இருபத்திரண்டு வருடமாக யாரிடமும் காட்டாமல் மடியில் கட்டி வைத்திருந்தார்.

“என்னப்பா முதல்வா, சீக்கிரமே வந்துட்ட?”

அவள்தான். கல்லூரியில் வைத்த பட்டப்பெயர். அவள் பாசமாகத்தான் கூப்பிடுவாள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர் காதில் அது ஒவ்வொரு தடவையும் ஊசியாக இறங்கும்.

“மழை. கிளம்பிட்டேன் சீக்கிரம்.”

“விருது விழா அறிமுக உரை என்னாச்சு? உன்னைத்தான் பேசச் சொல்லணும்னு நான் அடம் பிடிச்சிருக்கேன். ரொம்பப் புகழ்ந்துடாதே. அப்புறம் நானே நம்பிடுவேன்.” சிரிக்கப் போனவளுக்கு இருமல் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு ஆழமாக, ஈரமாக இருமினாள்.

“மார்ல சளி கட்டியிருக்கு. படம் எடுத்துப் பாரு.”

“ஒத்திகை முடியட்டும். சாயங்காலம் பாக்கலாம்.”

அவள் போன பிறகும் அவள் போட்டிருந்த சோப்பின் மணம் அங்கேயே நின்றது. அறிமுக உரையில் அவர் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அவள் பெயரை மட்டும் எழுதி, அதன் முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டு, நாலு நாளாக அப்படியே வைத்திருந்தார்.

பத்து மணிக்குக் கணினிப் பிரிவின் பொறுப்பாளர் கூப்பிட்டார். எப்போதும் கழுத்தில் ஒரு கேபிளை மாலைபோலப் போட்டுக்கொண்டு திரிவதால் அவரை எல்லோரும் ஒயர் என்றுதான் சொல்வார்கள். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

“டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. யார் எப்போ யாரோட பதிவைத் திறந்து பாத்தாங்கன்னு சிஸ்டம் எழுதி வெச்சுக்கும், தெரியுமில்ல? சீஃப்பே போட்ட ஏற்பாடு. விருதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு தடவை சரிபாக்கச் சொன்னாங்க. அதுல…” அவர் திரையைத் திருப்பினார். “சீஃப்போட சொந்த மெடிக்கல் பதிவை உங்க பேர்ல ஆயிரத்து நூத்துச் சொச்சம் தடவை திறந்திருக்கு.”

“என்ன உளறல் இது?”

“முதல் தடவை ஒம்பது வருசத்துக்கு முன்னாடி.”

தேதியைப் பார்த்தார். அவளைத் தலைவியாக அறிவித்த நாள். அன்று அவர் கைதட்டிவிட்டு, தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். படுக்கையில் கிடந்தபடி ஒரே ஒரு விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தார்: அவளுக்கு என்னதான் இருக்கிறது, என்னிடம் இல்லாதது?

“இத பாருங்க,” ஒயர் விரலை வைத்தார். “இந்த நாள் நீங்க லீவு. இது நீங்க ஊர்லயே இல்ல. இது… உங்களுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த நாள். மயக்க மருந்துல இருந்துகிட்டே பதினோரு தடவை பாத்திருக்கீங்க. உங்களுக்கு ரெட்டைப் பிறவி யாராவது இருக்காங்களா டாக்டர்?”

ஒயர் சிரித்தார். அவரும் சிரிக்க முயன்றார். உதடு மட்டும் விலகியது.

“எந்தக் கணினியில இருந்து?”

“ஒம்பதாம் நம்பர். கீழ்த்தளம், பழைய பதிவறை. அங்க இப்ப யாருமே போறதில்ல.” அதற்குள் யாரோ கதவைத் தட்டி, மருந்தகத்தில் பிரிண்டர் நின்றுவிட்டது என்றார்கள். “அஞ்சு நிமிசம் டாக்டர். சீஃப்புக்கு எப்படிச் சொல்றதுன்னு வந்து பேசலாம்.”

தனியே இருந்தபோது அவர் பட்டியலைக் கடைசிவரை இறக்கினார். வரி வரியாக அவர் பெயர். பார்த்தார். பார்த்தார். பார்த்தார். ஒன்பது வருடமும் ஒரே வினைச்சொல். கடைசி வரியில் மட்டும் வேறு சொல் இருந்தது. நேற்று மாலை ஐந்து நாற்பது. ‘மாற்றினார்.’

ஒவ்வாமை என்ற கட்டத்தில் முன்பு இருந்தது: பென்சிலின், உயிருக்கு ஆபத்து. இப்போது இருப்பது: எதுவும் இல்லை.

இரண்டாம் வருடத்தில், விடுதி வாசலில், தொண்டைப் புண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்த அவள் கண்ணெதிரே வீங்கி, உதடு நீலமாகி விழுந்ததும், அவளைத் தூக்கிக்கொண்டு வார்டுவரை ஓடியதும் நினைவு வந்தது. ஓடியவர் அவர்தான். அது இங்கே வேறு யாருக்கும் தெரியாது. பதிவுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும்.

மறுபடி எழுதிவிட வேண்டும். இரண்டு சொடுக்கு. சுட்டியின் அம்பு கட்டத்தின் மேல் போய் நின்றது. ஆனால் இப்போது கை வைத்தால் தன் பெயர் இன்னும் ஒரு தடவை விழுமே. நாளைக்கு ஒயரையே எழுதச் சொன்னால் போயிற்று. அப்படித்தான் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டபோது நெஞ்சுக்குக் கீழே அந்தப் புளிப்பு அடங்கி, இதமாக ஏதோ பரவியதையும் கவனித்தார். அதைக் கவனிக்காதவர்போல எழுந்து வெளியே வந்தார்.

மதியம் மனைவி போனில் கூப்பிட்டாள்.

“சாப்பிட்டீங்களா?”

“ம்.”

“டிவியில உங்க சீஃப் பேட்டி போட்டாங்க. எவ்வளவு அழகாப் பேசறாங்க! நீங்களும் அவங்களும் ஒண்ணாதானே படிச்சீங்க?”

“வேலை இருக்கு. வெச்சுடறேன்.”

“எப்பவும் இப்படித்தான்,” என்றாள். கோபமாகக்கூட இல்லை. பழகிப்போன குரலில்.

மூன்று மணிக்கு அவர் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். லிஃப்ட் அங்கே போவதில்லை, படிதான். மேலே இருந்த சக்கரங்களின் உருளல், குழந்தைகளின் அழுகை, மானிட்டர்களின் விட்டுவிட்டு வரும் கூவல் எல்லாம் ஒவ்வொரு படியிலும் ஒரு கம்பளத்தை மேலே போட்டதுபோல மங்கிக்கொண்டே வந்து, கடைசிப் படியில் தன் செருப்புச் சத்தமும் சுவருக்குள் ஓடும் குழாய்த் தண்ணீரின் முனகலும் மட்டும் மிஞ்சின. ஈரக் காகித வாடை. அதன் மேலே பினாயில். அதற்கும் மேலே, அவருக்கு ரொம்பப் பழக்கமான, ஆனால் என்னவென்று சட்டென்று பிடிபடாத ஒரு வாடை. தலையணை உறையில், சட்டைக் காலரில் இருக்கும் வாடை. ஆள் நடமாட்டம் இருந்தால்தான் எரியும் விளக்குகள் அவருக்கு முன்னால் ஒவ்வொன்றாக எரிந்து, கடந்துபோனதும் பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன.

பதிவறைக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதன் வழியே பார்த்தார்.

உள்ளே விளக்கு எரியவில்லை. அலமாரிகளுக்கு நடுவில் ஒரு திரை மட்டும் நீலமாக ஒளிர்ந்தது. அதன் முன்னால் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு ஆள், முதுகைக் காட்டி, உட்கார்ந்திருந்தார்.

தன் முதுகை யாரும் பார்ப்பதில்லை. அதனால் முதலில் தெரியவில்லை. வலது தோள் கொஞ்சம் தாழ்ந்த முதுகு. உச்சந்தலையில் கைக்குட்டை அளவுக்கு வழுக்கை. முடிவெட்டும் கடையில் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டும்போது மாதம் ஒரு தடவை, ஒரு நொடி, அவர் பார்த்து முகம் சுளிக்கிற அதே வழுக்கை.

அந்த ஆள் அசையவே இல்லை. அதனால்தான் அறையில் விளக்கு எரியவில்லை. மூச்சு விட்டால்கூடத் தோள் ஏறி இறங்குமே. இல்லை. அந்த உருவம் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. திரையில் அவள் புகைப்படம்.

அவர் கதவைத் தள்ளினார். விளக்குகள் குப்பென்று எரிந்தன. நாற்காலி காலி. அலமாரிகளுக்கு இடையில் யாரும் இல்லை. வேறு வழியும் இல்லை. நாற்காலியில் கை வைத்தார். இப்போதுதான் எழுந்து போனவரின் சூடு இருந்தது.

தலைதெறிக்கப் படியேறினார்.

ஐந்தரை மணிக்கு ஒத்திகை மேடையிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை குழறி விழுந்துவிட்டாளாம். காய்ச்சல் கொதித்தது. ரத்த அழுத்தம் பாதாளத்தில். வலது நுரையீரல் படத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. பலகையில் நாலாம் நம்பர் படுக்கையின் கோடு சிவப்பாகத் துடித்தது. அதில் அவள் பெயர் ஏறியதைப் பார்த்ததும் பிரிவே அந்தப் படுக்கைப் பக்கம் திரும்பியது. பிறகு எல்லோரும் ஓடினார்கள். அவள் பழக்கியவர்கள். யாரும் கத்தவில்லை, யாரும் மோதிக்கொள்ளவில்லை.

அவர் தலைமாட்டில் நின்றார். ஆக்சிஜன் முகமூடிக்குள் அவள் வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை.

“கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு சார்,” என்றார் பணியிலிருந்த இளம் டாக்டர். “ஆன்டிபயாடிக் உடனே போயாகணும். பென்சிலின் வகை ஆரம்பிக்கறேன்.”

“ஒவ்வாமை பாத்தீங்களா?” தலைமை சிஸ்டர் கேட்டார். இருபது வருட அனுபவம். கேட்காமல் எதையும் ஏற்ற மாட்டார்.

“சிஸ்டத்துல எதுவும் இல்லைன்னு இருக்கு.”

சிஸ்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினார். “சார், நீங்க மேடத்தோட ஒண்ணாப் படிச்சவங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

அவளும் அவரைத்தான் பார்த்தாள். காய்ச்சலில் சிவந்த கண். அதில் பயம் இல்லை. இவன் இருக்கிறான், இவனுக்குத் தெரியும் என்ற நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஒரே ஒரு சொல். நாக்கு நுனியில் இருந்தது.

அடுத்த வாரம் மேடை. விளக்கு. கைதட்டல். அல்லது அது எதுவும் இல்லாத ஒரு அடுத்த வாரம். காலியான அவள் அறை. கதவில் வேறு பெயர்ப்பலகை.

அவர் மீது எந்தத் தவறும் இல்லை. சிஸ்டத்தில் இல்லை. அவ்வளவுதான்.

ஒரு நொடி.

வாயைத் திறந்தார். மூடினார்.

இரண்டு நொடி.

சிஸ்டர் தலையசைத்துவிட்டு ஊசியைக் குழாயின் வாயில் பொருத்தினார்.

மூன்று.

“நிறுத்துங்க சிஸ்டர்! பென்சிலின் அவளுக்கு ஆகாது!”

அவர் குரல். அவருடைய குரலேதான். ஆனால் அவர் உதடு அசையவில்லை.

சிஸ்டர் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தார். எல்லோரும் அங்கே பார்த்தார்கள். அவர் திரும்பினார்.

வாசலில் அவரே நின்றுகொண்டிருந்தார்.

அதே வெள்ளைக் கோட்டு. தாழ்ந்த வலது தோள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். “ரெண்டாம் வருசத்துல ஒரே ஒரு ஊசியில செத்துப் பிழைச்சா. நான்தான் தூக்கிட்டு ஓடினேன். வேற மருந்து குடுங்க,” என்று சொல்லிக்கொண்டே அந்த ஆள் உள்ளே வந்தார். படுக்கைக்கு நேராக. அவர் நின்ற இடத்துக்கே. இடிக்கவில்லை. உரசவில்லை. அவர் அங்கே இருந்தார், பிறகு அங்கே அந்த ஆள் இருந்தார், அவர் சுவரோரம் இருந்தார்.

“கடவுளே, சார், நீங்க மட்டும் இல்லைன்னா…” சிஸ்டர் ஊசியைக் குழாயிலிருந்து கழற்றித் தட்டில் போட்டார்.

“சிஸ்டர்,” என்று கூப்பிட்டார் அவர். “சிஸ்டர், நான் இங்க இருக்கேன்.”

யாரும் திரும்பவில்லை.

வேறு மருந்து ஏறியது. அழுத்தம் ஏறியது. அரை மணி நேரத்தில் அவள் விரல்கள் அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. முகமூடிக்குள் அவள் வாய் அசைந்தது. இந்தத் தடவை அவருக்குக் கேட்டது. “முதல்வா.”

அப்படி ஒரு குரலில் அவள் அவரை அழைத்ததே இல்லை. இல்லை, எப்போதும் அப்படித்தான் அழைத்திருக்கிறாள். இப்போது அது தனக்கில்லை என்றானதும்தான் தெரிந்தது.

வாசலுக்கு ஓடினார். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. கையை ஆட்டினார். குதித்தார். திறக்கவில்லை. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பணியாள் வந்தபோது அது திறந்தது. அவர் கூடவே வெளியே நழுவினார்.

மழை. விளக்கு ஏற்றும் நேரம். சாலையில் வண்டிகள் அவருக்காக வேகம் குறைக்கவில்லை. வீடு இரண்டு தெரு தள்ளி. ஓடினார். மூச்சு வாங்கவில்லை. அதுதான் அவரை இன்னும் வேகமாக ஓட வைத்தது.

சாப்பாட்டு அறை ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம்.

அந்த ஆள் அதற்குள் அங்கே உட்கார்ந்திருந்தார். எப்படி முந்தினார் என்று யோசிக்கக்கூட நேரம் இல்லை. மனைவி எதிரே, மேசையில் முழங்கையை ஊன்றி, தட்டைத் தொடாமல், அந்த ஆள் சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆள் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, வாயைப் பொத்திக்கொண்டு. அவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. பிறகு கையை நீட்டி அந்த ஆளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

கண்ணாடியில் குத்தினார். சத்தம் வரவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். கண்ணாடியில் மூச்சின் ஆவி படியவில்லை.

நெஞ்சுக்குக் கீழே புளிப்பு ஏறியது. தெரிந்த புளிப்பு. ஆனால் இவ்வளவு ஒருபோதும் இருந்ததில்லை.

அந்த ஆள் எழுந்தார். ஜன்னலருகே வந்தார். நேராக அவரைப் பார்த்தார்.

“யாரு வெளிய?” மனைவியின் குரல்.

“யாருமில்லம்மா. மழை.”

அந்த ஆள் திரைச்சீலையைப் பிடித்தார். மூடவில்லை. இரண்டு பக்கமும் நன்றாக விலக்கி, முழு அறையும் தெரியும்படி ஒதுக்கிக் கட்டிவிட்டு, போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பார்க்கக் கூடாது என்று வெளியே நின்ற அவர் நினைத்தார். கண்ணை மூடினார். மூடவில்லை. இன்னும் அழுத்தி மூடினார். வெளிச்சம் அப்படியே இருந்தது, அவள் சிரிப்பு அப்படியே இருந்தது. விரலைக் கொண்டுபோய்த் தடவினார். வலது கண்ணில். பிறகு இடது கண்ணில். மேலும் கீழும். மூடுவதற்கு அங்கே இமை இல்லை.

மழை நேராகக் கருவிழியில் விழுந்துகொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.